கம்பா, வாளா? ஆசானிடம் கேளுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. கம்பு நல்லதா, வாள் நல்லதா? பயிற்சிக்கு எது, பாதுகாப்புக்கு எது? நான் பதினான்கு வயதில் சிலம்பக் கம்பைத் தொட்டவள். முப்பது தாண்டிய பிறகு மரவாளும், ஜோ என்கிற ஜப்பானியக் கம்பும் பழகினேன். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி 26 வருடம் ஆகிறது. இரண்டு ஆயுதமும் எனக்குப் பிடித்தவை. ஆனால் ஒன்றுக்கு ஒன்று ஈடு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு 26 வயது. நான் சேர்ந்திருக்கும் வகுப்பில் கம்பும் உண்டு, மரவாளும் உண்டு. எதை முதலில் எடுப்பது என்று கேட்டால் "உங்கள் விருப்பம்" என்கிறார்கள். மனசு வாள் பக்கம்தான் போகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள் அக்கா?

பதில்: வாள் மேல் ஆசை வருவது இயல்பு. அந்த ஆசையை விட்டுவிடாதீர்கள். ஆனால் முதல் ஆறு மாதம் கம்பை எடுங்கள்.

கம்பு உங்கள் தவற்றை உடனே காட்டிக்கொடுக்கும். சுழற்றும்போது முழங்கை உடம்போடு ஒட்டியிருந்தால் கம்பு இடுப்பில் தட்டும். காலடி தப்பினால் கணுக்காலில் விழும். இடது பக்கம் வீசும்போது பிடி தளர்ந்தால் கையை விட்டே போய்விடும். என்னிடம் வருகிற வலது கைக்காரர்கள் எல்லோருக்கும் முதல் வாரத்தில் ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். இடது தோள் இத்தனை வருடம் ஒரு வேலையும் செய்யாமல் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். கம்புக்கு இரண்டு முனையும் ஒன்று. இரண்டு கையும் மாறி மாறி முன்னே போயாக வேண்டும். ஆறு மாதம் அப்படிப் பழகிய உடம்பு, பிறகு எதைக் கையில் கொடுத்தாலும் நிலை தப்பாமல் நிற்கும்.

மரவாள் அப்படிக் காட்டிக்கொடுக்காது. காற்றில் வீசும்போது தப்பான வெட்டும் சரியான வெட்டு மாதிரியேதான் தெரியும். நிஜ வாள் வெட்டுவதற்கு, வீச்சு போகும் பாதையும் கூர் பார்க்கும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். மணிக்கட்டு சற்றுத் திரும்பினாலும் அலகு வழுக்கும், அல்லது பாதியில் முறுக்கிக்கொண்டு நிற்கும். மரவாளில் கூர் இல்லாததால் இந்தத் தவறு வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும். எனக்கு மூன்று வருடம் ஒளிந்திருந்தது. ஒருநாள் என் வாள் ஆசிரியர், அலகில் நீளவாக்கில் பள்ளம் செதுக்கிய ஒரு மரவாளைக் கொடுத்து வீசச் சொன்னார். கோணம் சரியாக இருந்தால் அந்தப் பள்ளத்தில் காற்று பட்டு 'விஷ்' என்று கூர்மையாக ஒலிக்கும். அவர் வீசிய ஒவ்வொரு முறையும் ஒலித்தது. நான் வீசினால் பத்தில் ஏழு தடவை ஊமையாக இறங்கியது. மறுநாள் காலையில் வெட்டை முதல் பாடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

சரி, வாளின் பக்கம் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். எதிரே நிற்பவர் விட்டுக்கொடுக்காமல் நிஜமாகவே எதிர்க்கும் பயிற்சி வாளில்தான் எளிது. ஜப்பானிய வாள் பயிற்சியான கெண்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மூங்கில் பட்டைகளைச் சேர்த்துக் கட்டிய ஷினாய்தான் அங்கே வாள். பெரியவர்கள் போட்டியில் பிடிக்கும் ஒற்றை ஷினாய் 120 செ.மீ.க்கு மேல் நீளக் கூடாது. எடை ஆண்களுக்கு 510 கிராமுக்கும் பெண்களுக்கு 440 கிராமுக்கும் குறையக் கூடாது. முகக்கவசம், மார்புக்கவசம், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு முழு வேகத்தில் அடிக்கலாம், அடி வாங்கலாம். 180 செ.மீ. கம்பை அதே வேகத்தில் ஒருவர் தலையில் இறக்க முடியாது. கவசம் தாங்கினாலும் கழுத்து தாங்காது. அதனால் கம்புக்காரர்கள் வரிசை (தனியாகச் செய்யும் அசைவுத் தொடர்), ஜோடிப் பயிற்சி, தொட்டால் புள்ளி என்கிற போட்டி என்று கையை அடக்கியே பழகுகிறார்கள். பயத்தோடு நின்று பழகும் அனுபவம் இதில் குறைவு. இந்தக் குறையை நான் மறைக்க விரும்பவில்லை.

ஆறு மாதம் கம்பு, பிறகு வாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எனக்கும் என் தம்பிக்கும் இதே வாக்குவாதம். "வாளோடு வருகிறவனைக் கம்பு வைத்திருப்பவன் ஜெயிக்கவே முடியாது, ஒரே வெட்டில் கம்பு இரண்டு துண்டு" என்கிறான். நான் கம்பு கட்சி. யார் சொல்வது சரி?

பதில்: முதலில் அந்த 'இரண்டு துண்டு' விஷயம். கட்டையை இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டி வைத்துவிட்டு வெட்டினால் வெட்டலாம். கையில் பிடித்த கம்பு அடிபட்டதும் விலகிக் கொடுக்கும். இரண்டரை செ.மீ. தடிமனில் கெட்டி மரமாகவோ பிரம்பாகவோ இருந்தால், அலகு கொஞ்சம் இறங்கிச் சிக்கிக்கொள்ளத்தான் வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் கம்பின் மறுமுனை சும்மா இருக்காது. தவிர, பழகிய கம்புக்காரர் கூருக்கு முன்னால் கம்பை நீட்டிக்கொண்டு நிற்பதில்லை. வாளின் தட்டைப் பக்கத்தைத் தட்டிவிடுவார். இல்லையென்றால் வாளைப் பிடித்திருக்கும் கையையே அடிப்பார்.

கைதான் முக்கியம். ஜப்பானிய வாளின் அலகு ஏறத்தாழ 70 செ.மீ. ஆறடிக் கம்பின் ஒரு முனையைப் பிடித்தால் முன்னால் இருக்கும் கைக்கு அப்பால் 120 செ.மீ.க்கு மேல் நீளும். வாள்காரர் உங்களை எட்டுவதற்கு முன்பே அவருடைய மணிக்கட்டு உங்கள் கம்பு எட்டும் இடத்துக்குள் வந்துவிடுகிறது. அவர் ஒற்றைக் கையை நீட்டிப் பாய்ந்தால் கொஞ்ச தூரம் கூடும். அப்போதும் அந்தக் கைதான் முதலில் வரும்.

இதைக் கம்புக்காரியான நான் சொல்வதைவிட ஒரு வாள்காரர் சொன்னால் உங்கள் தம்பி கேட்பார். இங்கிலாந்தில் ஜார்ஜ் சில்வர் என்பவர் 1599-ல் ஆயுதப் போர் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இத்தாலியிலிருந்து வந்த மெல்லிய நீள வாளை எதிர்த்து, தன் நாட்டுக் குட்டை வாளுக்காக வாதாடிய மனிதர் அவர். எந்த ஆயுதம் எதை வெல்லும் என்று அவர் வரிசைப்படுத்தும்போது, எட்டு ஒன்பது அடிக் கம்பை எங்கே வைக்கிறார் தெரியுமா? இருகை வாளுக்கும், வாள் கேடயத்துக்கும் மேலே. ஆளுக்கொரு வாளும் குறுவாளும் வைத்த இருவரைக்கூட அது சமாளிக்கும் என்கிறார். கம்பின் நீளத்தை அளக்கவும் எளிய வழி சொல்லியிருக்கிறார்: கம்பை உடம்போடு ஒட்டிச் செங்குத்தாகப் பிடித்து, வலது கை எட்டுகிற உயரம் வரை அளந்து, அதற்கு மேல் இரண்டு கையும் வைக்கும் அளவு இடம் விட வேண்டும்.

இன்னொன்று ரிச்சர்ட் பீக் என்ற ஆங்கிலேயரின் கதை. 1625-ல் ஸ்பெயினின் காடிஸ் மீது நடந்த படையெடுப்பில் பிடிபட்டவர். ஹெரெஸ் நகரில் அவரை வாள் சண்டைக்கு நிறுத்தி, பிறகு அவர் கேட்டபடி கோடரி ஈட்டியின் தலையைக் கழற்றிவிட்டுத் தண்டை மட்டும் கொடுத்தார்கள். எதிரே வாளும் குறுவாளும் ஏந்திய மூன்று பேர். ஒருவர் செத்தார், மற்ற இருவரின் ஆயுதமும் கையை விட்டுப் போனது, பீக் விடுதலையாகி ஊர் திரும்பினார். இதை எழுதியவர் பீக்கேதான், அடுத்த வருடமே அச்சிட்டார். தன் வெற்றியைத் தானே சொல்லும்போது கொஞ்சம் கூடியிருக்கலாம் என்பதை மனதில் வைத்துத்தான் நான் படிக்கிறேன். அதோடு, அந்தத் தண்டின் அடியில் இரும்பு முள் இருந்தது. அது வெறும் கம்பு இல்லை.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஜோ மரபு. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முசோ கொன்னொசுகே என்ற வீரர், புகழ்பெற்ற வாள்வீரர் மியாமோட்டோ முசாஷியிடம் தோற்றார் என்றும், பிறகு நீளக் கம்பைச் சுருக்கி 128 செ.மீ.யில் ஒரு கம்பு செய்தார் என்றும் அந்த மரபு சொல்கிறது. மறுபடி மோதி முசாஷியை வென்றார் என்பது ஜோ பழகுபவர்கள் சொல்வது. முசாஷி தரப்பில் அந்த இரண்டாவது மோதல் கிடையாது. யார் வென்றிருந்தாலும், இன்றைக்கும் அந்தப் பயிற்சி நடக்கும் விதம்தான் என்னைக் கவர்கிறது. ஒருவர் கம்பு, எதிரே ஒருவர் மரவாள். வாளைப் பிடிப்பவர் எப்போதும் மூத்தவர். ஒவ்வொரு முறையும் அவர் தோற்க வேண்டும், ஆனால் வெட்டு உண்மையாக வர வேண்டும். எனக்கு வாள் பிடித்தவர் எழுபதைத் தாண்டியவர். அவருடைய மரவாள் என் நெற்றிக்கு இரண்டு விரல் முன்னால் வந்து நின்ற நாளெல்லாம் எனக்குப் பாடம்தான்.

உங்கள் தம்பி பக்கமும் நியாயம் உண்டு. கம்பு ஜெயிப்பது திறந்த வெளியில். வாள்காரர் ஒரு தடவை கம்பின் நுனியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் கணக்கு மாறும். கம்பைக் கையால் பற்றிவிட முடியும், கூரான வாளை அப்படிப் பற்ற முடியாது. குறுகிய படிக்கட்டில் கம்பின் நீளமே அதற்குப் பகை. பழகாத இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தினால் நான் எந்தப் பக்கமும் சேர மாட்டேன். கம்பால் நூறு அடி தப்பலாம், வாள் ஒரு முறை பட்டாலே உயிர் போய்விடும். அந்தக் காலத்தில் மக்கள் கம்பைவிட வாளை அதிகம் சுமந்தார்கள் என்றால், இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு இரண்டு கையையும் வீசி நடக்கலாம் என்பது முக்கியமான காரணம்.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. இணையத்தில் பளபளவென்று ஒரு வாள் வாங்கியிருக்கிறான். கூர் இல்லை என்கிறான். வெளியே காலியிடத்தில் வீசிப் பழகுகிறான். விடலாமா?

பதில்: இன்றே நிறுத்துங்கள். கூர் இருக்கிறதா இல்லையா என்பது இரண்டாவது விஷயம்.

சுவரில் மாட்டுவதற்காகச் செய்யும் வாள்கள் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு. சமையலறைக் கத்தி அளவுக்கு அது நல்ல உலோகம். வாள் நீளத்துக்குப் போனால் வளைந்து நிமிராமல் ஒடியும். அதைவிட மோசம் கைப்பிடி. உண்மையான வாளில் அலகின் அகலமான வால் கைப்பிடிக்குள் நீளமாகப் போகும். அலங்கார வாளில் அதற்குப் பதில் பென்சில் தடிமனில் ஒரு கம்பியைப் பற்றவைத்து, முனையில் ஒரு திருகைப் போட்டு முடித்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

பல வருடம் முன்பு என் மாணவர் ஒருவர் இப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். நான் வேறு ஒருவருக்குக் கால் திருத்திக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. இரண்டாவது வீச்சில் கைப்பிடி மட்டும் அவர் கையில் நின்றது. அலகு ஏழெட்டு மீட்டர் பறந்துபோய் ஒரு மரப்பலகையில் குத்தி நின்றது. அதற்குச் சற்று முன்புவரை அந்தப் பலகையில் இரண்டு குழந்தைகள் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து என் வகுப்புக்குள் யார் என்ன கொண்டுவந்தாலும் முதலில் என் கைக்கு வந்தாக வேண்டும்.

மகனிடம் கோபப்படாதீர்கள். அந்த ஆசை நல்லது. 102 செ.மீ. அளவில் கெட்டி மரத்தில் செய்த மரவாள் ஒன்றும், ஓர் ஆசிரியரும் கிடைக்கச் செய்யுங்கள். வாங்கிய வாள் சுவரிலேயே இருக்கட்டும்.

கேள்வி: தனியாக வசிக்கும் பெண் நான். பயத்துக்காகப் படுக்கைக்கு அடியில் ஒரு வாள் வைத்திருக்கிறேன். பயிற்சி எதுவும் இல்லை. இது போதுமா, கம்பு வைத்துக்கொள்ளலாமா அம்மா?

பதில்: மகளே, அந்த வாளை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். இந்தப் பகுதியில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் ஒரு விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வாளுக்கு ஒரே ஒரு பதில்தான் தெரியும். வெட்டும், குத்தும். உங்கள் எதிரே நிற்பவர் திருடனா, குடித்துவிட்டு வீடு மாறி வந்த பக்கத்து வீட்டுக்காரரா, சொல்லாமல் கொள்ளாமல் வந்த உங்கள் தம்பியா என்று இருட்டில் தெரியாது. வாளை எடுத்த பிறகு "கொஞ்சமாக" என்று ஒன்று கிடையாது. கம்பில் உண்டு. நீட்டிப் பிடித்து எட்ட நிறுத்தலாம். நெஞ்சில் வைத்துத் தள்ளலாம். முழங்காலுக்குக் கீழே ஓர் அடி வைத்துவிட்டு ஓடலாம். தேவைப்பட்டால் கடுமையாகவும் அடிக்கலாம். எவ்வளவு என்பதை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். கம்பும் தலையில் விழுந்தால் கொல்லும் என்பதை மறந்துவிட வேண்டாம். ஆனால் தலையைத் தவிர்க்கும் வாய்ப்பை அது உங்களிடம் விடுகிறது.

சட்டமும் இதைத்தான் பார்க்கும். பல நாடுகளில் தற்காப்பு என்பது ஆபத்தின் அளவுக்கு மேல் போகக் கூடாது. வாள் வைத்திருப்பதற்கும் எடுத்துச் செல்வதற்கும் கட்டுப்பாடு உள்ள நாடுகளும் பல. உங்கள் இடத்துச் சட்டத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல் துறையில் பயிற்சியாளராக இருந்த டென்னிஸ் டூலர் 1983-ல் ஒரு கட்டுரை எழுதினார். சராசரி ஆள் ஒருவர் 21 அடி தூரத்தை ஏறத்தாழ ஒன்றரை நொடியில் ஓடிக் கடந்துவிடுகிறார் என்று அளந்து சொன்னார். 21 அடி என்றால் பல வீடுகளில் ஒரு அறையின் நீளத்துக்கும் மேல். படுக்கையிலிருந்து எழுந்து, குனிந்து, கையை உள்ளே விட்டு, உறையிலிருந்து வாளை உருவ எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பழகாத கையிலிருந்து அதைப் பிடுங்கவும் அதிக நேரம் ஆகாது. அப்புறம் வாள் அவரிடம் இருக்கும்.

ஆறடிக் கம்பும் அறைக்குள் சரிப்படாது. விளக்கில் இடிக்கும், கதவில் சிக்கும். வீட்டுக்குள் என்றால் ஒரு மீட்டர் நீளக் கெட்டிக் கம்பு போதும். அதை வீச வேண்டாம். இரண்டு கையாலும் பிடித்து நேராகக் குத்தித் தள்ளுங்கள். குத்துக்கு இடம் தேவையில்லை. பிலிப்பைன்ஸின் ஆர்னிஸ் கலையில் 70 செ.மீ. அளவுள்ள பிரம்பையே பிடிக்கிறார்கள். நெருக்கமான இடத்தில் அதன் வேகம் நீளக் கம்புக்கு வராது.

ஆனால் இதெல்லாம் கடைசிப் படி. முதலில் படுக்கையறைக் கதவுக்கு உள்ளிருந்து போடும் உறுதியான தாழ்ப்பாள் வேண்டும். கைபேசி கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வெளியேற இரண்டாவது வழி எது என்று தெரிந்திருக்க வேண்டும். சத்தம் கேட்டால் தாழ்ப்பாள், போன், பிறகுதான் கம்பு. கம்பை எடுத்துக்கொண்டு சத்தம் வந்த இடத்தைத் தேடிப் போகாதீர்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நில்லுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் கிடைத்தால் எங்காவது ஒரு வகுப்பில் சேருங்கள். காலடி தெரிந்தால் பயம் பாதியாகும், இதை நான் பல பெண்களிடம் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கம்பு வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் நீளம். தரையில் ஊன்றினால் உங்கள் புருவம் வரை வந்தால் போதும், ஆரம்பத்துக்கு அதுதான் அளவு. "நீளமாக இருந்தால் நல்லதுதானே" என்று 180 செ.மீ. கம்பை எடுத்துக்கொண்டு 150 செ.மீ. உயரமுள்ள பெண்கள் வருகிறார்கள். அதே தடிமனில் 180-ஐ 150 ஆகக் குறைத்தால் எடை ஆறில் ஒரு பங்குதான் குறையும். ஆனால் நடுவில் பிடித்துச் சுழற்றும் சிரமம் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிடும். நீளம் கூடக்கூட நுனியின் எடை கையை அந்த அளவுக்கு இழுக்கிறது. சின்னக் குழந்தையிடம் பெரிய கம்பைக் கொடுத்து மணிக்கட்டைக் கெடுக்கும் பெற்றோரிடம் இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

எந்தப் பொருள் என்றால், ஜோடிப் பயிற்சிக்குப் பிரம்புதான் என் முதல் தேர்வு. உள்ளே கெட்டி, வளைந்து கொடுக்கும், அடிபட்டால் நார்நாராகப் பிரியுமே தவிரச் சில்லாகத் தெறிக்காது. இரண்டரை செ.மீ. தடிமனில் ஆறடிப் பிரம்பு ஏறத்தாழ அரைக் கிலோ இருக்கும். மூங்கில் எடை குறைவு, சுழற்ற இன்பமாக இருக்கும். ஆனால் உள்ளே கூடு. பிளந்தால் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். எனக்கு 19 வயதில் ஜோடிப் பயிற்சியில் என் மூங்கில் கம்பு வெடித்து, ஒரு சில்லு என் தோழியின் புருவத்தில் ஏறியது. ஒரு விரல் கீழே போயிருந்தால் கண். அதற்கு முந்தின நாளே அந்தக் கம்பில் முடி அளவு விரிசலைப் பார்த்தேன், நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இன்றைக்கும் அந்தத் தழும்பைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. கெண்டோக்காரர்கள் ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் ஷினாயின் பட்டைகளைத் தடவிப் பார்ப்பதும் கண்ணுக்குப் பயந்துதான்.

கெட்டி மரக் கம்பு என்றால், இழை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நேராக ஓட வேண்டும். குறுக்கே வெளியேறினால் அந்த இடத்தில் ஒடியும். சமதரையில் உருட்டிப் பாருங்கள், கோணல் இருந்தால் துள்ளும். பளபளப்பான பூச்சு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள். வியர்வையில் அது கையோடு ஒட்டிக்கொண்டு, கம்பைக் கைக்குள் தேவையானபடி நகர விடாது. அப்புறம் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்தால் போதும். சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வளையும். கிடையாகப் படுக்க வையுங்கள். பயிற்சிக்கு முன் ஒரு பழைய துணியால் முழு நீளத்துக்கும் துடைத்தால், எங்கே சிராய் இருக்கிறதோ அங்கே துணி மாட்டும்.

கேள்வி: இரண்டு மாதமாக மரவாள் வீசுகிறேன். முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது.

பதில்: பத்து விரலாலும் நெரித்துப் பிடிக்கிறீர்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் பிடிக்கட்டும், மற்றவை தொட்டுக்கொண்டிருந்தால் போதும். வலி தீரும்வரை வீச வேண்டாம், காலடி மட்டும் பழகுங்கள். கை மரத்துப்போனாலோ, இரண்டு வாரத்தில் வலி குறையவில்லை என்றாலோ மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: காணொளி பார்த்துத் தனியாகவே பழகினால் போதாதா?

பதில்: சுழற்சி வரும், வரிசை வரும், மூச்சு கூடும். தூரம் வராது. எதிரே ஒரு ஆள் நின்று, அவர் அடி நம் மூக்குக்கு முன்னால் கடந்து போகும்போது மட்டுமே தூரம் என்றால் என்ன என்று உடம்புக்குத் தெரியும். மாதத்துக்கு இரண்டு நாளாவது ஒரு துணை தேடிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 67 வயது. முழங்கால் வலிக்காகக் கைத்தடி வைத்திருக்கிறேன். காலை நடையில் ஒரு நாய் விரட்டுகிறது. இந்தத் தடியை வைத்து ஏதாவது செய்ய முடியுமா? சிரிக்காதீர்கள்.

பதில்: ஐயா, இதில் சிரிக்க ஒன்றுமே இல்லை. இந்த முறை வந்த கேள்விகளில் நாளைக் காலையே பயன்படப் போவது உங்களுடையதுதான். 1900 வாக்கில் லண்டனில் பியேர் விஞி என்ற ஸ்விஸ் நாட்டு ஆசிரியர் கைத்தடியை வைத்துத் தற்காத்துக்கொள்வதை ஒரு முழுப் பாடமாகவே நடத்தினார். வாளையும் நீளக் கம்பையும் யாரும் தெருவில் தூக்கிக்கொண்டு போக முடியாது. உங்கள் கையில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: தடியைத் தலைக்கு மேல் ஓங்காதீர்கள். அது உங்களுக்கு மூன்றாவது கால். தூக்கிய உடனே நிலை போய்விடும், நாயும் மிரண்டு இன்னும் வேகமாக வரும். ஓடவும் வேண்டாம். நின்று, வலி இல்லாத காலில் எடையைப் போட்டு, மற்ற காலைப் பாதி அடி பின்னால் வையுங்கள். தடியை இரண்டு கையாலும் இடுப்பு உயரத்தில் பிடித்து, நுனி நாயின் மார்புக்கு நேராகத் தாழ்ந்திருக்கட்டும். நாய் எந்தப் பக்கம் சுற்றினாலும் நுனி அதன் கூடவே திரும்ப வேண்டும். பெரும்பாலான நாய்கள் நுனிக்கு அந்தப் பக்கமே நின்று குரைத்துவிட்டுப் போய்விடும். கண்ணோடு கண் வைத்து முறைக்காமல், மெதுவாகப் பின்னால் நகருங்கள். உள்ளே வந்தால் மட்டும் நுனியால் நேராகத் தள்ளுங்கள். தடியைக் கடித்தால் கடிக்கட்டும், கால் தப்பியது.

வீட்டில் சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்று, தடியை ஊன்றிய நிலையிலிருந்து இரண்டு கைப் பிடிக்கு வருவதை மட்டும் ஒரு நாளைக்குப் பத்து முறை பழகுங்கள். தடுமாறினால் சுவர் இருக்கிறது. தடியின் அடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள் ஐயா, காத்திருப்பேன்.